வலிக்காத கால்

நான் பிறந்தது ஆண்டிமடத்துப் பக்கம். அங்கே மேடு என்றால் ஏரிக்கரைதான். மற்றபடி செம்மண்ணும் முந்திரித் தோப்புமாகத் தரை தட்டையாகக் கிடக்கும். கல்யாணமான வருஷம் என் வீட்டுக்காரர், "நம்ம குலசாமி பச்சமலை மேல இருக்கு, கார்த்திகைல ஏறணும்" என்று சொன்னபோது, படிக்கட்டு இருக்கும், கைப்பிடி இருக்கும், நடுநடுவே உட்கார மண்டபம் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அடிவாரத்தில் வேனை விட்டு இறங்கினால், வழி என்று அவர்கள் காட்டியது மழைத்தண்ணீர் இறங்கிய ஒரு தடம். கல்லும் வேருமாக நேரே மேலே போனது. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் தவழ்ந்து ஏறிய அழகை அவருடைய அக்கா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுகிறார்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசி மழை விட்டதும் அந்த மலை பூத்துவிடும். அடிவாரத்தில் மஞ்சள் மஞ்சளாக ஆவாரம். கொஞ்சம் ஏறினால் தும்பை. பாறை ஈரத்தில் ரோஸ் நிறத்தில் காசித்தும்பை. பாதி மலைக்கு மேலே புதர் புதராகக் கண்வலிப்பூ. புத்தகத்தில் செங்காந்தள் என்று எழுதுகிறார்களே, அதேதான். நுனி சிவப்பு, அடி மஞ்சள், இதழ்களெல்லாம் மேல்நோக்கி நெளிந்து நிற்கும். உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று எங்களவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார்கள். நான் நன்றாகப் பார்ப்பேன். எனக்கு ஒரு வருஷமும் கண்வலி வந்ததில்லை.

அந்த மலையேற்றத்துக்குச் சில சட்டதிட்டங்கள் உண்டு. பங்காளிகளில் ஒருவர் மட்டும் அடிவாரத்துக் கல்லின் முன் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார். அதற்குக் காப்பு என்று பெயர். மாவிளக்கு மாவுக் கூடையை அவர்தான் தலையில் சுமக்க வேண்டும். மற்றவர்கள் செருப்புப் போட்டுக்கொள்ளலாம், கோயில் வந்ததும் கழற்றினால் போதும். காப்புக் கட்டியவருக்கு மட்டும் ஏறும்போதும் இறங்கும்போதும் வெறுங்கால்தான். காப்பு இருக்கும்வரை அவரைப் பூசாரி தவிர யாரும் தொடக் கூடாது. பெண்டாட்டி தொடவே கூடாது. பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிடக் கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். 'வலி', 'போதும்', 'திரும்பு' என்ற மூன்று வார்த்தைகளை அன்றைக்கு அவர் காதுபட யாரும் சொல்லக் கூடாது. மாமனார் போன பிறகு இந்தக் காப்பு என் வீட்டுக்காரருக்கு வந்தது.

அவர் எறையூர்ப் பக்கம் கரும்பு ஆலையில் எடைமேடையில் வேலை பார்த்தார். வண்டியை நிறுத்தி எடை போட்டுச் சீட்டு எழுதித் தர வேண்டும். எடை குறைந்தால் விவசாயி திட்டுவார், வரிசை நகராவிட்டால் டிரைவர் திட்டுவார், மேலே இருக்கிறவர் எதுவும் நடக்காவிட்டாலும் திட்டுவார். இவர் எல்லோருக்கும் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிவிட்டு வருவார். வீட்டில் நானும் கொஞ்சம் வாய்க்காரிதான், மறைப்பானேன். அப்படிப்பட்டவரை வருஷத்தில் ஒரு நாள் முப்பது நாற்பது பேர் சாமி என்று கூப்பிட்டு வழி விடுவார்கள். அன்றைக்கு அவர் நடையே வேறாக இருக்கும்.

காப்புக் கட்டிய முதல் வருஷம் கீழே வந்து சேர்ந்ததும் நடை போய்விட்டது. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அண்டாவில் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு ஒரு வாரம் முனகினார். "சாமிக்குக் காலு இப்படியா வீங்கும்?" என்று நான் கேட்டேன். "ஏ புள்ள, கல்லு ஒவ்வொண்ணும் எண்ணி எண்ணிக் குத்துச்சுடி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் இதே கதைதான்.

நடுவில் அவருக்கு சுகர் என்று கண்டுபிடித்தார்கள். பெரம்பலூரில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆலையில் எல்லோரும், "மூட்டை மூட்டையா இங்க இருக்கறது பத்தாதுன்னு உள்ளாரயும் வச்சிருக்கியா?" என்று கிண்டல் செய்தார்கள். மாத்திரையை நினைவு வந்தால் போடுவார், விருந்து வந்தால் இரண்டாகப் போடுவார். சுகரோடு அவர் நடத்திய குடும்பம் அவ்வளவுதான்.

அதற்குச் சில வருஷம் கழித்து ஒரு கார்த்திகையில் அது நடந்தது. மலையிலிருந்து இறங்கி வந்தார், வெந்நீர் கேட்கவில்லை. நான் அண்டாவோடு போனால், "வேணாம்மா, வலிக்கவே இல்ல" என்றார். காலைப் பார்த்தேன். கீறல் இருந்தது, கொப்புளம் இருந்தது. அவர் முகத்தில் மட்டும் வலி இல்லை. அவருடைய அக்கா அங்கேயே கையைத் தலைக்குமேல் கூப்பிவிட்டார். "சாமி வலிய எடுத்துக்கிச்சு. எங்கப்பாவுக்குக் கெடைக்காதது என் தம்பிக்குக் கெடைச்சிருக்கு" என்று அழுதார்.

நானும் கும்பிட்டேன். அதை இப்போது ஒளித்து என்ன ஆகப்போகிறது? எல்லோரிடமும் திட்டு வாங்கும் மனுஷனைச் சாமியாவது கண்டுகொண்டதே என்று எனக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது.

செய்தி பரவிவிட்டது. அடுத்த வருஷம் கூட்டம் இரண்டு மடங்கானது. அரியலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்த பெண்களெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு வந்தார்கள். இறங்கி வந்தவரைக் கல் மேல் உட்கார வைத்துக் காப்பை அவிழ்த்து, மஞ்சள் தண்ணீரால் காலைக் கழுவி, அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். இவர் வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்லவில்லை.

அதே சமயத்தில் வேறு சிலதும் நடந்தது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். "இன்னொண்ணு எங்க?" என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டுத்தான் அவருக்கே தெரிந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன். இன்னொரு நாள் கை பொறுக்காத வெந்நீர்ப் பானைக்குள் காலை விட்டுவிட்டு, "ஏம்மா, தண்ணி இன்னும் காயலியா?" என்றார். அதற்கும் திட்டினேனே தவிர யோசிக்கவில்லை. எதை நினைத்தாலும் ஆறிவிடும், அந்த ஒற்றைச் செருப்புக்குச் சிரித்தது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்கு விஷயம் விளங்கியது டாக்டர் வீட்டில். மாத்திரை வாங்கப் போய்க் காத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு விவசாயி. வயதானவர். டாக்டர் அவரிடம், "சுகர் ரொம்ப நாளா இருந்தா காலு மரத்துப் போகும்யா. முள்ளு குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. வலிக்கலன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருக்காதீங்க. புண்ணாயிட்டா அப்புறம் காலையே எடுக்க வேண்டியதாப் போயிடும்" என்றார். திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் மலையேறும் நாள் என்ன தேதியில் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்ததும் நானே கேட்டேன். டாக்டர், வீட்டுக்குள்ளேகூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்றார். அன்றைக்குக் கூட்டம் அதிகம். காலைத் தொட்டுப் பார்க்க அவருக்கு நேரமில்லை. "எனக்கெல்லாம் மரத்துப் போகல சார், நல்லா ஓடியாடித்தான் இருக்கேன்" என்று இவர் எழுந்துவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "என்னங்க, ஒரு வேள அதுவா இருக்குமோ? வலிக்காததுக்குக் காரணம்..."

"டாக்டருக்கு சுகரு தெரியும். சாமி தெரியுமா?"

"இந்த ஒரு வருஷம் வேற யாராச்சும் கட்டட்டுமேங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு பேச்சுக்கும் கோபமே படாத மனுஷன், அன்றைக்குப் பெரம்பலூரிலிருந்து எறையூர்வரை முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.

அண்ணியிடம் போனேன். அவருடைய அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "சாமி குடுத்ததச் சீக்குங்கறியா நீ? மொதல்ல வாயக் கழுவிக்கிட்டு வா" என்றார். எனக்கும் கோபம் வந்தது. "உங்க தம்பி காலு போயிட்டா நீங்களா தாங்குவீங்க?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு பேரும் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு மலைக்குப் போகும் நாள் அப்படியேதான் இருந்தது.

கடைசியாக ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். பெண்டாட்டி வீட்டுக்குத் தூரம் என்றால் புருஷன் காப்புக் கட்டக் கூடாது என்று கேள்விப்பட்டிருந்தேன். மலைக்கு இரண்டு நாள் முன்னால், "அண்ணி, நான் தூரமாயிட்டேன்" என்றேன். அண்ணி அசரவே இல்லை. "அதுக்கென்ன, நீ வூட்லயே இரு. அவன் இன்னிக்கே எங்க வூட்டுக்கு வந்து, அங்கேருந்து கெளம்பட்டும். போன தலைமுறைல அப்படித்தான் செஞ்சாங்க" என்றார். நான் இல்லாமல் அவர் ஏறினால் அந்தக் காலை யார் பார்ப்பார்கள்? சாயங்காலமே, "நாள் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன் அண்ணி" என்று போய் நின்றேன். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பூமி பிளந்து நான் உள்ளே போயிருக்கலாம்.

ஆக, நானும் போனேன். ஒரு பையில் பஞ்சு, புண் கழுவும் மருந்து, பழைய வேட்டித் துணி, அவருடைய செருப்பு எல்லாம் எடுத்துக்கொண்டேன். அரும்பாவூர் தாண்டி அடிவாரத்துக்குப் போகும்போது விடிந்து வெளிச்சம் வந்துவிட்டது. அந்த வருஷம் நல்ல மழை. நான் பார்த்த வருஷங்களில் மலை அப்படிப் பூத்தது அப்போதுதான். பாதையையே காணவில்லை, புதரும் கொடியும் மூடிக்கிடந்தன. இரண்டு ஆட்கள் அரிவாளோடு முன்னால் போய் வெட்டி வழி விட்டுக்கொண்டே ஏறினார்கள். முள்செடியைச் சாய்வாக வெட்டினால் அடிக்குச்சி எப்படி நிற்கும் என்று முந்திரிக் காட்டில் வளர்ந்த எனக்குத் தெரியும். ஆணி மாதிரி நிற்கும்.

காப்புக் கட்டினார்கள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்தார்கள். நான் அவருக்குப் பின்னால் நான்கைந்து அடி தள்ளி, தலையைத் தூக்காமல் அவர் குதிகாலையே பார்த்துக்கொண்டு ஏறினேன். எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். பிள்ளைகள் தும்பையைப் பறித்துத் தேன் உறிஞ்சின. நான் பார்த்தது இரண்டு கால். வலது, இடது, வலது, இடது. வெறுங்காலோடு பாதையில் நடக்கிறவர்கள் காலை வைத்துப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, பிறகு அழுத்துவார்கள். அவர் கால் தயங்கவே இல்லை. சிமெண்ட் தரையில் வைப்பதுபோல் தப்தப்பென்று வைத்துக்கொண்டு போனார்.

பாதி மலையில் கண்வலிப்பூ ஆரம்பித்தது. முன்னால் போனவர்கள் கொடி கொடியாக வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பூக்கள் வழியெல்லாம் மிதிபட்டு, சிவப்பு இதழ்கள் கல்லில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு கல்லில் இதழ். அடுத்த கல்லில் இதழ். அதற்கடுத்த கல்லில் சிவப்பு மட்டும் இருந்தது, இதழ் இல்லை. குனிந்து விரலால் தொட்டேன். ஒட்டியது. இன்னும் இரண்டு கல் தள்ளி மறுபடி. இடது கால் படும் இடத்தில் மட்டும்.

"என்னங்க, நில்லுங்க" என்று கத்தினேன்.

"சாமின்னு கூப்புடு" என்றார் பின்னால் வந்த அண்ணி.

"சாமி, நில்லுங்க சாமி. கால்ல ரத்தம் வருது."

அவர் திரும்பவில்லை. கூடை சாயக் கூடாதல்லவா. "எங்க? ஒண்ணுமில்லியே. பூவ மிதிச்சிருப்பேன்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே அடுத்த கல்லில் ஏறினார். கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தார். தொட்டு இழுத்து உட்கார வைத்திருக்கலாம். தொடவில்லை. பின்னால் எழுபது எண்பது பேர். நடுமலையில் காப்பைத் தீட்டாக்கியவள் என்று அந்தக் குடும்பத்தில் என் பெயர் என்றைக்கும் நிற்கும். அதைவிட, தொட்டால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் எனக்குள்ளேயே இருந்தது. டாக்டர் சொன்னதையும் நம்பினேன், இதையும் நம்பினேன். இரண்டையும் நம்பினால் எதைத்தான் செய்ய முடியும்?

ஒரே ஒரு வழி தோன்றியது. புதருக்குள் புகுந்து அவரைத் தாண்டி முன்னால் ஓடினேன். ஒரு தழைக்கிளையை ஒடித்துப் பாதையைக் கூட்ட ஆரம்பித்தேன். சின்னக் கல்லைக் காலால் தள்ளினேன். நீட்டிக்கொண்டிருந்த அடிக்குச்சிகளைக் கையால் பிடுங்கினேன். சிலது வந்தது, சிலது வரவில்லை. அவர் நிற்காமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார், நான் மூன்று அடி கூட்டுவதற்குள் நான்கு அடி ஏறிவிடுவார். என் உள்ளங்கை கிழிந்து எரிந்தது. எனக்கு நன்றாக வலித்தது.

பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது: "பாரேன், சாமி வர்ற பாதையக் கூட்டிக்கிட்டே போறா. என்னா பக்தி!" அண்ணிகூட உருகிவிட்டார். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் என் பக்கத்தில் வந்து, "மனசுல எதையும் வச்சிக்காதம்மா, அன்னிக்கு ஏதோ கோவத்துல பேசிட்டேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பூசாரி மலையிலேயே குடியிருப்பவர். எங்களை அழைத்துப்போக ரப்பர் செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு இறங்கி வந்தார். வந்தவர் கூடையைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். அந்த வழியில் தினம் நடப்பவருக்குக் கண் அங்கேதான் போகும்போல. கூடையை இறக்கி, இவரைப் பாறையில் உட்கார வைத்து, இடது காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் திருப்பினார். பெருவிரலுக்குக் கீழே ஒரு குச்சி ஏறி முறிந்திருந்தது. இரண்டு நகத்தால் கவ்வி இழுத்தார். அரை விரல் நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் அதை யாருடைய காலிலிருந்தோ எடுப்பதுபோல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்கலீங்களா?" என்று பூசாரியே அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

"இல்லீங்களே" என்று இவர் சிரித்தார்.

கூட்டம் முழுக்கச் சாமி பெயரைச் சொல்லிக் குரல் எழுப்பியது. அண்ணி விபூதியை அள்ளி நீட்டி, புண்ணில் அப்பச் சொன்னார். "வேணாம் அண்ணி, வேணாம்" என்று நான் சொன்னது அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பையைப் பூசாரியிடம் கொடுத்தேன். அவர் விபூதியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மருந்தை ஊற்றிக் கழுவித் துணியைச் சுற்றினார். பிறகு தன் செருப்பைக் கழற்றி இவர் முன்னால் வைத்தார்.

"எறங்கும்போது இதப் போட்டுக்குங்க. நான் தெனமும் இதோடதான் ஏறி எறங்கறேன். சாமி என்னை ஒண்ணும் சொன்னதில்ல."

"உங்களுக்கு இது போக வர்ற வழிங்க. எங்களுக்கு வேண்டுதல்" என்றார் என் வீட்டுக்காரர்.

பூசாரி என்னைப் பார்த்து, "கீழ போனதும் நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

மாவிளக்கு ஏற்றினோம். என்ன வேண்டிக்கொண்டேன் என்று நினைவிருக்கிறது. இந்த மனுஷனுக்கு வலியைத் திருப்பிக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். புருஷனுக்கு வலி கேட்டுக் கும்பிட்டவள் அந்தக் கோயிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இறங்கும்போது பாதி வழி வருவதற்குள் அந்தத் துணி நார்நாராகக் கிழிந்து அவிழ்ந்துவிட்டது. ஒரு திருப்பத்தில் மற்றவர்கள் பின்தங்கினார்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். பையிலிருந்து அவருடைய செருப்பை எடுத்துக் கீழே போட்டேன். "யாருமில்ல. போட்டுக்குங்க. அடிவாரம் வந்ததும் கழட்டிடுங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்" என்றேன். பிடிக்க முடியாது, ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

அவர் செருப்பைப் பார்த்தார். பிறகு மேலேயிருந்து வரும் பேச்சுச் சத்தத்தைக் கேட்டார். "ஏ புள்ள," என்றார், குரலைத் தாழ்த்தி, "நீ சொல்றது எனக்குத் தெரியாம இல்ல. அன்னிக்கு டாக்டர் சொன்னப்பவே தெரிஞ்சிது. ஆனா இத்தன பேரு வந்திருக்காங்க. இப்பப் போயி எப்படிச் சொல்றது?"

அதுவரை அவர் ஏதும் தெரியாமல் நடக்கிறார் என்று நினைத்துத்தான் பதறிக்கொண்டிருந்தேன். தெரிந்தே நடக்கும் ஆளை என்ன சொல்லி நிறுத்துவது? எடைமேடையில் அவர் நாள் முழுக்கத் தலையாட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கூட்டம் திருப்பத்தில் வந்துவிட்டது. நான் செருப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் வெறுங்காலோடு முன்னால் இறங்கினார்.

அடிவாரத்தில் காப்பை அவிழ்த்தார்கள். மஞ்சள் தண்ணீரோடு வந்தவர்களைத் தள்ளிவிட்டுக் காலை நான்தான் முதலில் பிடித்தேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். ஆலையில் கரும்பு அரவை தொடங்கியிருந்தது, லீவு கிடைக்காது என்றார். மூன்று நாள் வேலைக்குப் போனார். காலையும் மாலையும் நான் புண்ணைக் கழுவினேன், ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் பெரிதாக இருந்தது. நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. துணியை அவிழ்த்தால் விரல் இரண்டு கறுத்திருந்தன. வீடெல்லாம் நாற்றம். பெரம்பலூர் டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சீட்டு எழுதித் திருச்சிக்கு அனுப்பினார்.

திருச்சியில் பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இடது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், தள்ளிப்போட முடியாது என்றார். கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, "இன்னொரு காலு நல்லா இருக்குல்ல சார்? அத வச்சி நடந்துக்குவாருல்ல?" என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியைத்தான் வழியெல்லாம் பிடித்துக்கொண்டு வந்திருந்தேன். அவர், "வாங்க, பார்ப்போம்" என்று கட்டிலுக்கு அருகே வந்தார்.

டாக்டரிடம் ஒரு ஊசி இருந்தது. "கண்ண மூடிக்குங்க. வலது கால்ல ஊசியால தொடுவேன். தொடறது தெரிஞ்சா, தெரியுதுன்னு சொல்லுங்க" என்றார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். சொன்னபடி கேட்கும் மனுஷன் அல்லவா, இறுக்கி மூடிக்கொண்டார்.

டாக்டர் பெருவிரலில் குத்தினார். அடுத்த விரலில், அதற்கடுத்த விரலில். உள்ளங்காலின் நடுவில். குதிகாலில். ஊசி அழுந்தின இடத்தில் ஒரு பொட்டு ரத்தம் வந்ததை நான் பார்த்தேன். கணுக்காலைச் சுற்றி நாலு இடம். கட்டிலில் சத்தமே இல்லை. நான் அவர் முகத்தையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தேன். சொல்லுங்களேன், ஒரு தடவை சொல்லுங்களேன் என்று மனசுக்குள் கதறினேன். டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "நான் தயார்தான் சார். நீங்க ஆரம்பிங்க" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்த வலது காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்திருப்பதும் அவருக்குத் தெரியவில்லை.

"முடிஞ்சிடுச்சுங்க. கண்ணத் தொறங்க" என்றேன்.